பூண்டுலோயாவில் ஒரு போலந்து முடிச்சு

இலங்கை மலைநாட்டில், கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் ஊழியர் பெட்டி பெட்டியாக ஏறி வந்தார். மேலே தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடக்கிறது, இன்றைக்கு இது நகராது என்று முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஆளுயர பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் சுருட்டிய டிரேசிங் தாள். திருச்சியில் வீட்டைப் பூட்டிய நிமிடத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தூண்டிலா, துப்பாக்கியா என்று கேட்டு என் உயிரை எடுத்திருந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே சாப்பாட்டுக் கடைக்காரர் மட்டும் வேறு மாதிரி கேட்டார்.

“தண்ணி பைப்பு போட வந்தீங்களா? எந்த லயத்துக்குங்க?”

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய வீடுகளைத்தான் இங்கே லயம் என்கிறார்கள். நான் இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய லயத்துக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லையாம். தேங்காய் ரொட்டி இரண்டு, காரம் உச்சந்தலைக்கு ஏறும் கட்டச்சம்பல், பாலில்லாத தேநீர். சீனியைத் தேநீரில் போடாமல் என் உள்ளங்கையில் கொட்டினார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். சுற்றிலும் கண் போகிற தூரம் வரை தேயிலை, கையில் இருப்பதோ கறுப்புத் தண்ணீர். நல்ல தூள் எல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது என்றார் கடைக்காரர். எங்கள் ஊர் காவிரி மீன் எங்களுக்குக் கிடைக்காத கதையை நான் அவருக்குச் சொன்னேன். அதில் இருவரும் சிநேகிதமாகிவிட்டோம்.

பூண்டுலோயாவுக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மந்திரி என்ன சொன்னாராம்?”

“வீடு கட்டித் தாறேன்னாராம்.”

“போன தடவையும் அதானே சொன்னாரு?”

“இந்தத் தடவ மைக்கு வச்சு சொன்னாருடி.”

நான் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பி என்னையும் குழாயையும் பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள்.

நான் எதற்கு இங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உறையூரில் எனக்கு ஒரு எம்பிராய்டரி பட்டறை இருக்கிறது. வெள்ளிக் கம்பியிலும் ஜரிகையிலும் கையாலேயே சின்னங்கள் தைப்போம். எங்களுக்கு அதிக வேலை கொடுப்பவர் வார்சாவில் இருக்கும் யேஜி என்ற பெரியவர். போலந்து, லித்துவேனியப் பிரபு வம்சத்தார் சங்கம் ஒன்றின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்தக் குடும்பங்களின் குலச்சின்னங்களைத்தான் எட்டு வருடமாகத் தைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கோடரி ஒரு சின்னம், படகு ஒரு சின்னம், லாடத்துக்குள் சிலுவை ஒரு சின்னம், மூன்று கொம்புகள் ஒரு சின்னம்.

இங்கிலாந்தில் குலச்சின்னம் என்றால் ஒரு வீட்டுக்குத்தான். போலந்தில் ஒரே சின்னத்தை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வைத்திருக்கும். அவர்களுக்குள் ரத்த சம்பந்தம்கூட இருக்க வேண்டியதில்லை. லித்துவேனியப் பிரபுக்களை ஒரு காலத்தில் போலந்துக்காரர்கள் இப்படித்தான் கூப்பிட்டுத் தங்கள் சின்னங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்களாம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள் ஆகிற மாதிரியா என்று யேஜியிடம் ஒருமுறை கேட்டேன். “ஏறக்குறைய” என்றார். அவர் எதற்கும் சரி என்று சொல்லிவிட மாட்டார்.

அவருடைய சொந்தச் சின்னத்தின் பெயர் நவென்ச். சிவப்புத் தரையில் வெள்ளைத் துண்டு ஒன்று வட்டமாக வளைந்து, கீழே ஒரு முடிச்சு, முடிச்சுக்கு இரண்டு பக்கமும் தொங்கும் இரண்டு முனைகள். தலையில் கட்டுகிற துணி அது. எங்கள் பட்டறைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் தலைப்பாத்துண்டு. இருநூறாவது துண்டுக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

யேஜியின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. அவர் பூண்டுலோயா பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரையாக இருந்திருக்கிறார். கல்லில் குலச்சின்னம் செதுக்கச் சொல்லியிருப்பதாக வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இப்போது அந்தத் தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக்கப் போகிறார்கள். தோட்டத்தில் அந்தக் கல் கிடைத்துவிட்டது, ஹோட்டல் வாசலில் நிறுத்தலாம், நீங்களே வந்து திறந்து வையுங்கள் என்று நிர்வாகம் யேஜிக்கு எழுதியது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். அது நவென்ச்தான் என்று தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்த்து, அப்படியே அளவெடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். “என் கண்ணைவிட உங்கள் கைக்கு இது நன்றாகத் தெரியும்” என்று அவர் எழுதியதில் நான் குளிர்ந்துபோய்ப் புறப்பட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை செல்வராஜின் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனோம். செல்வராஜ் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கொழும்பில் கொஞ்ச நாள் துணிக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பியவர். குழாய் ஆட்டோவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மழை இங்கே வானத்திலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. பாதி வழியில் குழாயின் ஒரு பக்கத்து மூடியைக் காணவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு வளைவில் ஆட்டோ சரிந்தபோது குழாயிலிருந்து செல்வராஜின் முதுகில் தண்ணீர் கொட்டியது.

“ஐயோ அக்கா! இது தண்ணி பைப்புதானா?”

திருச்சியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த தாள் இட்லி மாவு பதத்துக்கு வந்திருந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் மழையைத் திட்டினேன்.

ஆபீஸில் உதவி மேலாளர் வரவேற்றார். இங்கே அவரைச் சின்ன தொரை என்கிறார்கள். சிங்களவர், முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதை. எனக்குப் பீங்கான் கோப்பையில் உண்மையான தேநீர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கல்லை எடுக்க லொறி வரும், அதற்குள் என் கையெழுத்து கிடைத்தால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு சின்ன விஷயம் மேடம். தொழிலாளர்கள் அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறார்கள். கண்டுகொள்ளாதீர்கள்” என்றார்.

கல் தோட்டத்து மயானத்தில் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவான மேடு. கீழே பார்த்தால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. மேடு முழுக்க மண் குவியல்கள், சில குவியல்களின் மேல் காய்ந்த மாலை. ஒரு குவியலுக்குக்கூடப் பெயர்ப்பலகை இல்லை. உச்சியில் ஒரே ஒரு கல், என் மார்பளவு உயரம். அதன் மேல் பாதியில் வட்டமாக வளைந்த துண்டும் முடிச்சும். காவிச் சிவப்பில் தரை, சுண்ணாம்பு வெள்ளையில் துண்டு. எட்டு வருடம் தைத்த சின்னத்தைத் தேயிலைக் காட்டுக்குள் பார்த்ததும் எனக்குத் தெரிந்தவரைக் கண்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

“கல்லத் தொடாதீங்க.”

கொழுந்துக் கூடை முதுகில் தொங்க ஒரு பெண் மேடேறி வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியிருப்பாள். இடுப்பில் சாக்கு, காலில் செருப்பில்லை. மூச்சு வாங்கவில்லை. நான்தான் ஆட்டோவிலிருந்து இருபதடி ஏறியதற்கே வாங்கிக்கொண்டிருந்தேன்.

“இதுதான் புஷ்பராணியக்கா” என்றார் செல்வராஜ், கொஞ்சம் பயந்த குரலில்.

“நீங்க யாருங்க? கம்பெனி ஆளா?”

“இல்லைம்மா. திருச்சி. தையல்காரி.”

“தையக்காரிக்கு மயானத்துல என்ன வேல?”

மறைக்கத் தோன்றவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடையை இறக்காமலே கேட்டாள். கேட்டுவிட்டுக் கல்லின் கீழ்ப்பாதியைக் காட்டினாள். அங்கே பெயர்கள் இருந்தன, மொத்தம் பதிமூன்று. மேலே இருந்தவை உளியால் நன்றாக வெட்டியவை. கீழே வர வர ஆணியாலும் கம்பியாலும் கீறியவை. எழுத்துகள் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை.

“எங்களுக்குக் கல்லு வைக்க விடமாட்டாங்க. கட்டடம் மாதிரி எதுவும் வரக்கூடாதுன்னு சட்டம் பேசுவாங்க. இந்த ஒரு கல்லுதான் முந்தியே நின்னுருச்சு. அதனால செத்தவங்க பேர இதுலயே எழுதிட்டு வாறோம். கடைசிப் பேரு எங்கம்மா. நாந்தான் கீறுனேன். எங்களுக்கு ஒறுதி இல்ல, பத்திரம் இல்ல. கடுதாசி வந்தாக்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நாங்க இங்க இருந்தோம்னு எழுதுன ஒரே எடம் இதுதாங்க.”

“இந்தப் பெயர்களோடேயா எடுத்துட்டுப் போறாங்க?”

“பேர அழிச்சு மெருகு போடுவாங்களாம். கண்டக்கையா சொன்னாரு.”

கண்டக்கையா என்றால் வேலையை மேற்பார்க்கிறவர், அவர் சொன்னால் அது நடக்கும். இருந்தாலும் வாய் சும்மா இருந்தால்தானே! சின்னம் போலந்துக்காரருடையது, எட்டு வருடமாகத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன்.

“நீங்க கையெழுத்துப் போடலன்னா?”

“வேற ஆளக் கூப்பிடுவாங்க.”

“அப்ப போடாதீங்கன்னு சொல்லிப் பிரயோசனமில்ல. எங்களதுன்னு எழுதிக் குடுங்க.”

“உங்களுது இல்லாததை உங்களுதுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?”

“அப்ப கண்ண நல்லாத் தொறந்து பாத்துட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் கொழுந்து நிறுக்கப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தி என் தொழிலில் குறை சொல்வதா!

வியாழக்கிழமை அந்தக் கோபத்தோடேயே மறுபடி போனேன். தாள் போய்விட்டதால் அளவெடுக்க வழியில்லை. தையல்காரிக்கு நூல் இருக்கிறதே! வெள்ளை நூலைக் கல்லின் கோடுகள் மேல் ஒட்ட ஒட்ட வைத்துக்கொண்டே போனேன். வட்டம் சரியாக வந்தது. முடிச்சுக்கு வந்ததும் நூல் சிக்கியது. பிரித்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி சிக்கியது. சுண்ணாம்பு அப்பியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். நவென்சில் இரண்டு முனைகளும் விட்டேத்தியாகத் தொங்க வேண்டும். இங்கே ஒரு முனைதான் தொங்கியது. இன்னொன்று திரும்பி மடிந்து முடிச்சுக்குள்ளேயே ஒரு வளையமாக நுழைந்திருந்தது. இருநூறு துண்டுக்கு மேல் தைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மதியம் புஷ்பராணி வந்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து எனக்கும் பாதி ரொட்டியும் லீக்ஸ் பிரட்டலும் வைத்தாள். சண்டை சண்டையாக இருக்கட்டும், சாப்பாடு சாப்பாடாக இருக்கட்டும் என்பது அவள் கட்சி போலிருக்கிறது. லீக்ஸ் வெங்காயத்தாள் மாதிரி இருக்கிறது, ருசி அதைவிட மேல். சாப்பிட்டுக்கொண்டே அந்த வளையத்தைக் காட்டினேன்.

“இதுவா? இது காது முடிச்சு.”

தன் கூடைக் கயிற்றைக் கையில் எடுத்தாள். தலையில் மாட்டிக்கொள்ளும் கயிறு அது, வட்டமாக இருந்தது. பக்கத்தில் முடிச்சு, அதில் ஒரு முனை தொங்கியது, இன்னொன்று காது மாதிரி மடிந்து நுழைந்திருந்தது. கல்லில் இருந்தது அப்படியே இதுதான்.

“சரிவுல கால் வழுக்குனா, கூடை நம்மளயும் இழுத்துட்டுப் போயிரும். இந்தக் காதப் புடிச்சு ஒரே இழு. கூடை போயிரும், ஆளு தப்பிச்சுக்கும். இத மாதிரி.” இழுத்தாள். கயிறு அவிழ்ந்து விழுந்தது. பழகிய கை மறுபடி கட்டுவதற்கு இரண்டு நொடி ஆகவில்லை.

அப்புறம் கதையைச் சொன்னாள். கல்லை வெட்டியவர் தோட்டத்துக் கொத்தனார். மேலே முதல் பெயராக இருக்கும் வீராயியின் புருஷன். துரை காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார். துணியை வட்டமாக வளைத்து எதற்கு முடிச்சுப் போடுவார்கள் என்று கொத்தனாருக்குப் புரியவில்லை. அவர் தினமும் விடிகாலையில் பார்த்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான், அவர் பெண்டாட்டி கூடையில் போடுவது. அதையே வெட்டிவிட்டார். துரை பார்த்தார், கூலிக்காரி முடிச்சை என் வாசலில் வைப்பதா என்று குதித்தார், கல்லைப் பள்ளத்தில் உருட்டிவிடச் சொன்னார். வேறு கொத்தனாரை வைத்து வேறு கல் செய்துகொண்டார். அந்த நல்ல கல் பிறகு என்னவானதென்று யாருக்கும் தெரியாது. பள்ளத்தில் கிடந்ததை ஜனங்கள் தூக்கி வந்து, வீராயி இறந்தபோது அவள் தலைமாட்டில் வைத்தார்கள். அதிலிருந்து இன்றைக்கு ஐந்தாவது தலைமுறை.

“அவுக வேணாம்னு தூக்கிப் போட்டதுதாங்க. இப்ப வேணுமாம்!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கூடவே யேஜியின் பழைய கடிதம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. முன்பு ஒருமுறை எங்கள் பட்டறையில் ஒரு சின்னத்தின் அம்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டோம். அவர் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதினார். அதில் ஒரு வரி: “முத்திரை வெட்டுகிறவர்களின் கைத்தவறால் எத்தனையோ சின்னங்கள் மாறியிருக்கின்றன. அந்தத் தவறை மூன்று தலைமுறை தாங்கி நின்ற குடும்பம் இருந்தால் நான் அதைத் தனிச் சின்னமாகப் பதிவேன். உங்கள் பட்டறை மூன்று நாள்தான் தாங்கியிருக்கிறது, பிரித்துத் தையுங்கள்.”

பிரித்துத் தைத்தோம். ஆனால் அந்த வரி எனக்கு மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டு முடிந்ததும், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்ததும், பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கூடையோடு மயானத்துக்கு வந்து நின்றார்கள். முப்பது பேர் இருப்பார்கள். லொறி வந்தது. சங்கிலியும் கட்டையும் அலவாங்குமாக நான்கு ஆட்கள் இறங்கினார்கள். அலவாங்கு என்றால் கடப்பாரை. பின்னாலேயே சின்ன தொரையும், கண்டக்கையாவும் வந்தார்கள்.

“மேடம், கையெழுத்து?”

“யேஜியோட பேசிட்டுப் போடுறேன்” என்றேன். அந்த மேட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். லயத்து இளசுகள் காதலிப்பதற்கே மயானத்துக்குத்தான் வருகிறார்கள் என்று செல்வராஜ் சொல்லியிருந்தார். போனில் யேஜியின் முகம் தெரிந்தது. அவர் ஊரில் இன்னும் விடியவில்லை. ஆனாலும் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டு போனேன். புஷ்பராணியைக் கூப்பிட்டு அவள் கூடைக் கயிற்றையும் காட்டினேன். கொத்தனார் கதையைச் சொன்னேன்.

“கொத்தனாரின் தவறு” என்றார்.

“எத்தனை தலைமுறை?” என்றேன்.

“எதற்குத் தலைமுறை?” என்றார்.

“நீங்கள் எனக்கு எழுதியதுதான் சார். மூன்று தலைமுறை தாங்கினால் தனிச் சின்னம் என்று எழுதினீர்கள். இங்கே ஐந்து. உங்கள் துரை இந்தக் கல்லைத் தூக்கி எறிந்தார். எறிந்ததை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்.”

“அவர்கள் ஒரே குடும்பமா?”

“பதிமூன்று குடும்பம். ரத்த சம்பந்தம் இல்லை. அது உங்கள் வழக்கம்தானே?”

யேஜி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அவரைத் தெரியும். பிடிவாதக்காரர், ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அது தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறவர். முன்காலத்தில் ஒருவருடைய குலத்தைச் சந்தேகித்து வழக்குப் போட்டால் அவர் ஆறு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும், அப்பா வழியில் இரண்டு பேர், வேறு இரண்டு குலவழிகளில் இரண்டிரண்டு பேர், எழுந்து நின்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார். காகிதம் இல்லாதவர்களுக்கு அதுதான் காகிதம். “ஆறு பேர் இருக்கிறார்களா?”

“இங்கே வழி பார்க்க முடியாது. ஆறு பெயருக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளலாமா?”

“ஏறக்குறைய” என்றார்.

நான் தமிழில் சொன்னேன். புஷ்பராணி முதலில் வந்தாள். “கடைசிப் பேரு அன்னலெட்சுமி. எங்கம்மா. சத்தியம்.” இன்னொருத்தி வந்தாள், அன்னலெட்சுமிக்கு மேலே இருந்த பெயர் அவள் மாமியாருடையது. மூன்றாவது ஒருத்தி, நான்காவது ஒருத்தி. நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.

அப்போது கண்டக்கையா நோட்டைத் திறந்தார். “வேல நேரத்துல இங்க நிக்கிறவங்களுக்கு இன்னைக்குப் பேரு கெடையாது” என்றார். பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஐந்தாவதாக ஓரடி எடுத்து வைத்த பெண் நின்றுவிட்டாள். யாரும் அசையவில்லை.

“எழுதுங்கய்யா, நல்லா எழுதுங்க!” என்று கத்தினாள் புஷ்பராணி. “நாங்க செத்தாலும் பேரு எழுத இந்தக் கல்லுதான் இருக்கு. ஒரு நாளுப் பேரு போனா மசிரே போச்சு!”

ஐந்தாவது பெண் அழுதுகொண்டே முன்னால் வந்து சொன்னாள், “நாலாவது பேரு, எங்க அப்பாயி.”

“இன்னும் ஒருவர்” என்றார் யேஜி.

யாரும் வரவில்லை. சின்ன தொரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லொறி ஆட்களுக்குத் தலையசைத்தார். அவர்களில் மூத்தவன் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கல்லை நோக்கி நடந்தான். நாற்பது வயது ஆள், மழையில் நனைந்த தொப்பி. கல்லின் அடியில் அலவாங்கை வைக்கக் குனிந்தான். குனிந்தவன் பெயர்களைப் பார்த்தான். ஒரு பெயரின் மேல் விரலை வைத்தான். பிறகு அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“ஏழாவது பேரு, பேச்சிமுத்து” என்றான் என் போனைப் பார்த்து. “எங்க தாத்தா. நா எடுக்கமாட்டேன். என்னையும் எழுதிக்கிங்க.”

பெண்கள் போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது. “ஆறு. இது அவர்களுடைய சின்னம், கல் அங்கேயே இருக்கட்டும்” என்றார் யேஜி. சின்ன தொரை ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். கல்லை எடுப்பது இந்தப் பெரியவர் பெயரைச் சொல்லித்தான், இனி அவருக்கே வேண்டாமாம், யாருக்கு எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். யேஜியும் அதையே இன்னும் கடுமையான ஆங்கிலத்தில் சொன்னார். தன் சம்மதம் இல்லாமல் அந்தச் சின்னத்தை ஹோட்டலில் வைத்தால் சங்கம் எதிர்க்கும் என்றார். சின்ன தொரை பெரிய தொரைக்குப் போன் போட்டார், ஏழெட்டு முறை “சார், சார்” என்றார், லொறியைத் திருப்பச் சொன்னார். அலவாங்குக்காரன் மட்டும் லொறியில் ஏறவில்லை.

யேஜி இன்னும் இணைப்பில்தான் இருந்தார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். “சின்னத்தின் பெயர்?”

புஷ்பராணி யோசிக்கவே இல்லை. “வீராயி” என்றாள்.

“குடும்பங்கள்?” பதிமூன்று பெயரையும் நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினார்.

“நிலம்?” என்றார்.

அவர் மனதில் எதுவும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. போலந்துப் பிரபுக்களின் பெயருக்குப் பின்னால் அவர்களுடைய நிலத்தின் பெயர் வரும், பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. இதை எப்படித் தமிழில் கேட்பது என்று நான் புஷ்பராணியைப் பார்த்தேன்.

“என்ன கேக்குறாரு? மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?” என்றாள் புஷ்பராணி.

“உங்களுக்கு எந்த நிலம் சொந்தம்னு கேக்குறாரு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புஷ்பராணி என் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே பேசினாள்.

“ஐயா, இந்தக் கல்லு நிக்குற எடம். ஆறடி. இப்போதைக்கு அத எழுதிக்கிங்க. மிச்சத்த நாங்க இங்க கேட்டு வாங்கிட்டுச் சொல்றோம்.”

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு யேஜி சொன்னார்: “எழுதிவிட்டேன். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.”